ஆகாயத்துக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்

நாடகம் நடக்கிறது. மேடையில் ராஜா கர்ஜிக்கிறார். ராணி கண்ணீர் வடிக்கிறாள். ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.

அதே சமயத்தில், அதே மண்டபத்தில் வேறொரு பேச்சும் நடக்கிறது. அது சபையோருக்குக் கேட்காது. ராஜாவுக்கும் ராணிக்கும்கூடக் கேட்காது. திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் பத்துப் பதினைந்து பேருடைய காதில் மட்டும் விழும். “விளக்கு இருபத்து நாலு, தயாராக இரு” என்று ஒரு குரல். “தயார்” என்று ஒரு பதில். பிறகு ஒரே ஒரு சொல். அந்தச் சொல் பிறந்த கணத்தில் மேடை முழுவதும் நிலவொளி பரவுகிறது. சபையோர் கை தட்டுகிறார்கள்.

லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் பெரிய நாடக அரங்குகளில் இது அன்றாடக் காட்சி. உத்தரவு கொடுப்பவர் மேடை நிர்வாகி. விளக்குக்காரர், ஒலிக்காரர், திரை இழுப்பவர், மேடைக்கு அடியில் கதவு திறப்பவர் ஆகிய யாவரும் அந்த ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டவர்கள். தலையில் காதுக்கருவி, வாய்க்கு எதிரே சிறு மைக், இடுப்பில் ஒரு பெட்டி. இதற்குத்தான் இன்டர்காம் ஹெட்செட் என்று பெயர். டெலிவிஷன் நிலையம், விளையாட்டு மைதானம், இசை விழா எங்கே பார்த்தாலும் இன்று இதன் ஆட்சிதான்.

இந்தக் குரல் அறுந்தால் என்ன ஆகும்?

விளக்கு ஒரு வினாடி தாமதமாக எரிந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மேடைக்கு மேலே கனமான திரைகளும் சட்டங்களும் தொங்குகின்றன. மேடைத் தரையிலே திறந்து மூடும் கதவு இருக்கிறது. “இறக்காதே!” என்று நிர்வாகி கத்துகிறார். அந்த நேரம் பார்த்துக் காதில் ஒரு கரகரப்பு. சொல்லின் முன் பாதி மட்டும் மேலே நிற்பவருக்கு எட்டுகிறது. பின் பாதியைக் கரகரப்பு விழுங்கிவிடுகிறது. அவர் இறக்குகிறார். கீழே ஓர் ஆள் நிற்கிறார். அரைச் சொல்லுக்கு ஓர் உயிர் விலையாகலாம்!

இந்தக் கரகரப்புக்கு மருந்து என்ன? ‘விலை உயர்ந்த புதுக் கருவி’ என்பார்கள் கடைக்காரர்கள். ‘இன்னும் சக்தி வாய்ந்த கருவி’ என்பார்கள் அவசரக்காரர்கள். இரண்டும் அரைகுறை வைத்தியமே. முறை இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் தோற்றுவிடும். ஆகாயத்தை முறை வைத்துப் பங்கிட ஓர் ஆள் இல்லாத அரங்கம், எத்தனை லட்சம் செலவு செய்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது.

மந்திரவாதியின் குறும்பு

இந்தத் தொல்லை புதிதல்ல. கம்பியில்லாத் தந்தி பிறந்தபோதே கூடப் பிறந்தது.

1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற புகழ்பெற்ற விஞ்ஞான சபையின் மண்டபம் நிறைந்திருக்கிறது. பேராசிரியர் பிளெமிங் கம்பியில்லாத் தந்தியின் மகிமையை விளக்கிக்கொண்டிருக்கிறார். தூரத்தில், கார்ன்வால் கடற்கரையிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. குறிப்பிட்ட அலைக்கு இசைத்துவிட்ட கருவியில் பிறர் தலையிட முடியாது என்பது மார்க்கோனியின் கட்சி.

மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி ‘டிக் டிக்’ என்று அடிக்கத் தொடங்கியது. வந்தது என்ன தெரியுமா? ‘எலிகள், எலிகள்’ என்று ஒரு சொல்! அதைத் தொடர்ந்து மார்க்கோனியைக் கேலி செய்யும் ஒரு பாட்டு! செய்தவர் நெவில் மாஸ்கலின் என்பவர். அவர் தொழிலால் மேடை மந்திரவாதி. லண்டனிலேயே சற்றுத் தூரத்தில் இருந்துகொண்டு அவர் அலையை அனுப்பியிருந்தார். பிளெமிங்குக்குக் கோபம் பொறுக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மாஸ்கலினோ தாம்தான் செய்தது என்று துணிந்து ஒப்புக்கொண்டார். தலையிட முடியாது என்ற பெருமை பொய் என்று காட்டவே செய்ததாகச் சொன்னார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆனால் மாஸ்கலின் கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை. ஆகாயத்துக்குச் சுவர் கிடையாது. தமக்கென்று ஒதுக்கிய அலை தமக்கு மட்டுமே கேட்கும் என்று நம்புகிறவர் ஒருநாள் ஏமாறுவார். இன்று எலி விடுவதற்கு மந்திரவாதி தேவையில்லை. அரங்கத்துக்குள்ளேயே ஆயிரம் கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. தாங்கள் செய்வது அவற்றுக்கே தெரியாது.

கம்பி இருந்த காலம்

ஆதியில் இந்த இன்டர்காம் எல்லாம் கம்பியில்தான் ஓடியது. 1968-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய கிளியர்-காம் கம்பெனி, ராக் இசைக் கச்சேரிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே வேலையாட்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்காகவே கருவி செய்தது. எல்லோரும் ஒரே கம்பியில் சேர்ந்து கேட்கலாம், பேசலாம்.

கம்பிக்கு ஒரே ஒரு குறை. அதில் கட்டப்பட்டவர் நடக்க முடியாது. நடந்தால் கால் தடுக்கும். கம்பியில்லாக் கருவி வந்ததும் எல்லோருக்கும் ஆசை பிறந்தது. ஆசை நியாயமானதுதான். ஆனால் நாள் முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விளக்குக்காரருக்கும் கம்பியில்லாக் கருவி எதற்கு? பெருமைக்கா? இங்கேதான் தவறு ஆரம்பமாகிறது. ஒவ்வொரு வீண் கருவியும் ஆகாயத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நடக்க வேண்டியவருடைய வழியை நாற்காலியில் இருப்பவர் மறிக்கிறார்.

இரண்டு குரல் நாலு ஆகும் கதை

ஒரே அலையில் இருவர் பேசினால் மோதும் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெவ்வேறு அலைகளில் பேசினாலும் மோதல் வரும்!

இரண்டு கருவிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 500 மெகாஹெர்ட்ஸ், மற்றொன்று 501. இரண்டும் வலுவாகப் பேசும்போது அவற்றின் உள்ளேயே அலைகள் கலந்து, 499-லும் 502-லும் இரண்டு பொய் அலைகள் பிறக்கின்றன. அங்கே எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் சத்தம் இருக்கும். ஆளில்லாத வீட்டில் பேய் பேசுவது போலத்தான்!

இரண்டு கருவிகளுக்கு இரண்டு பேய்கள் என்றால் சமாளித்துவிடலாம். மூன்று கருவிகளுக்கு ஒன்பது பேய்கள். பத்துக் கருவிகளுக்கு நானூற்றைம்பது! இது கணக்கு, கற்பனை அல்ல. இந்த வகையில் மிக முக்கியமானவற்றை மட்டும் எண்ணினால் வரும் தொகை இது.

சாமானிய புத்திக்கு என்ன தோன்றும்? ‘வாழைக்கன்று நடுவது போல ஒரே இடைவெளி விட்டு 500, 501, 502, 503 என்று வைத்தால் அழகாக இருக்குமே’ என்று தோன்றும். அதுதான் படுகுழி. 500-ம் 501-ம் சேர்ந்து பெற்ற பேய் நேராக 502-ன் தலையில் உட்காரும். 500, 501, 503 என்று ஏறுமாறாக வைத்தால் அந்த மூன்றும் தப்பும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பெரியவர்கள் சொன்னது ஆகாயத்துக்கும் பொருந்துகிறது.

சபை நிரம்பியதும் வரும் சோதனை

காலையில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் மணி போல ஒலித்தது. மாலையில் நாடகம் தொடங்கியதும் கரகரவென்கிறது. ‘காலையில் நன்றாக இருந்ததே!’ என்று வேலையாட்கள் திகைக்கிறார்கள். கருவியைத் திட்டுகிறார்கள். கருவி என்ன செய்யும்?

காலையில் மண்டபம் காலி. மாலையில் ஆயிரம் பேர். அவர்களுடைய சட்டைப் பையில் ஆயிரம் செல்போன். ஒவ்வொன்றும் வைபை எங்கே, புளூடூத் எங்கே என்று ஓயாமல் தேடுகிறது. பல இன்டர்காம் கருவிகள் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில், அதாவது வினாடிக்கு 240 கோடி அதிர்வுள்ள இடத்தில்தான், இந்தச் சந்தையும் கூடுகிறது. அந்த வரிசையின் அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வைபை வைக்க வேண்டுமானால் பெரும்பாலும் மூன்று இடம்தான் கிடைக்கும். சமையலறையில் பண்டம் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. மனித உடம்பில் பெரும் பங்கு தண்ணீர். அந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆகவே ஏரியலைத் தரையோடு தரையாக வைத்தவர்களுக்குச் சபை நிரம்பியதும் ஆள் சுவர் எழும்பிவிடும். தலைக்கு மேலே உயரத்தில் வைத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். இதற்குப் பணம் வேண்டாம். ஓர் ஏணி போதும்.

மேடையின் பின்புறம் ஜொலிக்கும் எல்.இ.டி. விளக்குச் சுவர்களும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் மலிவான பெட்டிகளும் தம் பங்குக்கு இரைச்சலை ஆகாயத்தில் கொட்டுகின்றன. அவை ரேடியோக் கருவிகள் அல்ல. ஆனாலும் சத்தம் போடும். அவற்றை ஏற்றிவிட்டுச் சோதிக்காத சோதனை, அடுப்பு மூட்டாமல் சமையல் ருசி பார்ப்பது போன்றதே.

ஏலம் போன ஆகாயம்

வீட்டுக்குள் இருக்கும் தொல்லை இவ்வளவு என்றால், வெளியிலிருந்து வந்த தொல்லை இன்னும் பெரிது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாடகக்காரர்கள் நெடுங்காலம் டெலிவிஷன் அலைகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த இடங்களில் குடியிருந்தார்கள். கம்பியில்லா மைக்கும் இன்டர்காமும் அங்கேதான் பேசின. பிறகு செல்போன் வந்தது. அதற்கு இடம் வேண்டும். அமெரிக்க சர்க்கார் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் காலி செய்யச் சொன்னது. 2010 ஜூன் 12-க்குப் பிறகு அங்கே கம்பியில்லா மைக் பேசக் கூடாது என்று ஆயிற்று. மூட்டையைக் கட்டிக்கொண்டு 600 பக்கம் போனார்கள். 2017-ல் அதையும் ஏலம் விட்டார்கள். ஏலத் தொகை 1,980 கோடி டாலர்! 2020 ஜூலை 13-க்குள் ஏலம் போன பகுதியையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிரிட்டனிலும் 2020 மே மாதம் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி நாடகக்காரர் கையை விட்டுப் போயிற்று.

பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை வீடு மாறினால் குடும்பம் என்ன பாடுபடும்? அந்த அலைகளுக்கென்றே செய்த கருவிகளை மூலையில் போட வேண்டியதுதான். பெரிய கம்பெனிகள் புதிது வாங்கின. பள்ளிக்கூட நாடகக் குழுவும், சிறு ஊர் அரங்கமும், கோயில் மண்டபமும் என்ன செய்யும்? 2014-ல் அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் அரங்கங்களுக்கு லைசென்ஸ் பாதுகாப்பை விஸ்தரித்தபோதுகூட, வழக்கமாக 50 மைக்குகளுக்குக் குறையாமல் உபயோகிப்பவர்களுக்கே அது என்று வைத்தது. ஐந்து மைக் வைத்திருப்பவர் ஏழை. அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும்.

இதில் நாடகக்காரர்களின் மனக்குறை நியாயமானதே. கலைக்கும் ஆகாயத்தில் ஒரு மூலை வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு? ஆனால் மனு எழுதுவதால் மட்டும் இன்று மாலை நாடகத்தில் கரகரப்பு நிற்காது. இடம் சுருங்கச் சுருங்க ஒழுங்கு பெருக வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில்தானே முறைவைப்பு அதிகம் தேவைப்படுகிறது?

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில், சக்திக்கு ஒரு வரம்பு வைத்து, லைசென்ஸ் இல்லாமலே பேசலாம் என்று 2005-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. ஆகவே அங்கே கூட்டம் நெரிகிறது. 600 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022-ல் ஏலத்துக்கு வந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. ஒருமுறை ஏலத்துக்கு வந்த நிலம் மறுபடியும் வரும். காலியாகத்தானே இருக்கிறது என்று அதை நம்பி லட்சக்கணக்கில் கருவி வாங்குவது விவேகமல்ல.

முறைத் தண்ணீர்

ஏரிப்பாசனம் உள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். நீர்பாய்ச்சி என்றும் சொல்வதுண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நிலக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் தம் இஷ்டத்துக்கு மடையைத் திறக்கக் கூடாது. நீர்க்கட்டிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. இந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் கடைமடை வயலும் விளைந்தது.

புதுக்காலத்து விஞ்ஞானிகளும் சுற்றி வந்து இந்த முறைக்கே சேர்ந்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. ‘டெக்ட்’ என்று ஒரு வகைக் கருவி இருக்கிறது. கம்பியில்லா வீட்டு டெலிபோனுக்காக ஐரோப்பாவில் வகுத்த முறை அது. இன்று பல இன்டர்காம்கள் அதில்தான் ஓடுகின்றன. அதிலே ஒரு வினாடியை நூறாகப் பிரித்து, அந்த நூறில் ஒரு பங்கையும் இருபத்து நாலு துண்டுகளாக்கிவிடுகிறார்கள். பேச ஒரு துண்டு, கேட்க ஒரு துண்டு என்று முறை வைத்துக் கொடுக்கிறார்கள். கருவி தானே காது கொடுத்துக் கேட்டுக் காலியான துண்டைத் தேர்ந்துகொள்ளும். ஒரே அலையில் பன்னிரண்டு பேச்சு மோதாமல் நடக்கும். சுத்தமான முறைத் தண்ணீர்!

2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் வேறொரு தந்திரம் உண்டு. அலை ஓரிடத்தில் நிற்காமல் தவளை போலத் தாவிக்கொண்டே இருக்கும். புளூடூத் கருவி வினாடிக்கு 1,600 தடவைகூடத் தாவும். தாவும் அலைக்கு 1942-ல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் சினிமா நட்சத்திரம் ஹெடி லமார் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நீர்மூழ்கிக் குண்டைப் பகைவர் தடுக்காமல் செலுத்துவதற்காக, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து அவர் கண்ட யோசனை அது.

முறையும் இருக்கிறது, தாவலும் இருக்கிறது. பிறகு நீர்க்கட்டி எதற்கு என்று கேட்கலாம். அடுத்த மண்டபத்திலும் ஒரு டெக்ட் கூட்டம் இருந்தால்? இரண்டுக்கும் கடிகாரம் ஒத்திராவிட்டால் ஒன்றின் துண்டு மற்றொன்றின் துண்டில் விழுந்து பாதி இடம் வீணாகும். அமெரிக்காவில் இந்த வகைக்கு ஒதுக்கிய இடம் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை. அதே இடம் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் செல்போன்கள் பேசும் இடம். அமெரிக்காவில் வாங்கிய கருவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு உலகம் சுற்றும் குழு, போகிற ஊரில் செல்போன் கம்பெனியோடு மோதும். கருவிக்குத் தேசம் தெரியாது. ஆளுக்குத்தான் தெரிய வேண்டும்.

நீர்க்கட்டியின் வேலை

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகில் ஆட்டம் நடக்கும் மைதானத்தில் அலைகளைப் பங்கிடுவதற்கென்றே ஒருவரை வைத்திருக்கிறார்கள். டெலிவிஷன்காரரும், பயிற்சியாளரும், நடுவரும், பாட்டுக்காரரும் அவரிடம் தங்கள் அலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் சம்மதிக்காத கருவி பேசக் கூடாது. அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் பணத்தை நம்பாமல் ஓர் ஆளை நம்புகிறார்கள்.

அந்த யோசனையைச் சிறு அரங்கமும் எடுத்துக்கொள்ளலாம். தனிச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாவிட்டாலும், இருப்பவரில் ஒருவருக்கு அந்தப் பொறுப்பையும் அதிகாரத்தையும் கொடுக்கலாம். அவர் செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். மண்டபத்துக்குள் பேசும் எல்லாக் கருவிகளும் அதில் ஏற வேண்டும். மைக், பாடகரின் காதுக்கருவி, காவல்காரரின் வாக்கி-டாக்கி, டிக்கெட் கவுண்டரின் வைபை, படம் பிடிப்பவரின் கம்பியில்லாக் கருவி ஒன்றும் தப்பக் கூடாது. யாருடையது, எந்த அலை என்று எழுத வேண்டும். புத்தகத்தில் இல்லாதது பேசக் கூடாது. மந்திரியின் மகன் கொண்டுவந்த கருவியானாலும் சரிதான்!

இரண்டாவது, உட்கார்ந்திருப்பவர் அனைவருக்கும் கம்பி. நடப்பவருக்கு மட்டும் காற்று. இதில் தயவு தாட்சண்யம் கூடாது. வேலையாட்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மூன்றாவது, ஒரே வயலில் எல்லோரையும் இறக்கக் கூடாது. மைக் ஒரு வரிசையில், இன்டர்காம் வேறு வரிசையில், விளக்குக்குப் போகும் உத்தரவு கம்பியில் என்று பிரித்துவிட வேண்டும். வரிசைகள் வெவ்வேறானால் ஒன்றின் நோய் மற்றொன்றுக்கு எளிதில் தொற்றாது.

நாலாவது, சக்தியைக் குறைக்க வேண்டும். இது பலருக்கு விபரீதமாகத் தோன்றும். கேட்கவில்லை என்றால் கத்த வேண்டும் என்றல்லவா மனம் சொல்கிறது? சந்தையில் ஒருவன் கத்தினால் பக்கத்துக் கடைக்காரன் அதைவிட உரக்கக் கத்துவான். கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்துப் பேச்சைக் கேட்க முடியுமா? அப்படித்தான் வலுவான ஏரியலுக்குப் பக்கத்தில் வைத்த கருவியின் காது மந்தமாகிவிடுகிறது. அதிகச் சக்தி பேய் அலைகளையும் பெருக்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு கால் பங்காகிவிடும். ஆகவே ஒரே ஏரியலைக் கத்தவைப்பதைவிட, ஆட்கள் நடக்கும் இடங்களுக்கு அருகே நாலு ஏரியல் வைத்து மெல்லப் பேச வைப்பதே மேல்.

ஐந்தாவது, நடந்து பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் எரிய, எல்லா மைக்கும் பேச, எல்.இ.டி. சுவர் ஜொலிக்க, ஒருவர் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியபடியே மூலை முடுக்கெல்லாம் நடக்க வேண்டும். மேடைக்கு அடியில், மாடிப்படியில், இரும்புக் கதவுக்குப் பின்னால் எங்கே எண் அறுகிறதோ அங்கே வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். சபை வந்து நிரம்பிய பிறகு இன்னொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைமணி நேர வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் நாடகத்தின் நடுவே அரைமணி நேரம் ஓடுகிறார்கள்.

புதுக் கருவி போதாதா?

‘இதெல்லாம் பழைய கருவிக்குச் சரி. இப்போது டிஜிட்டல் வந்துவிட்டதே’ என்று ஒரு வாதம் உண்டு.

டிஜிட்டல் நல்லதுதான். குரல் தெளிவு, ஒட்டுக்கேட்பதும் எளிதல்ல. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பழைய கருவி நோய் வருமுன் இருமும். கரகரக்கும், கேட்பவர் உஷாராகிவிடுவார். டிஜிட்டல் கருவி இருமுவதே இல்லை. கடைசி நிமிஷம் வரை கணீரென்று பேசிவிட்டுத் திடீரென்று மூச்சை நிறுத்திவிடும். விளிம்பில் நிற்கிறோம் என்பது விழுந்த பிறகுதான் தெரியும். ஆகவே டிஜிட்டல் வந்ததால் நீர்க்கட்டியின் வேலை குறையவில்லை. கூடியிருக்கிறது.

கேட்காவிட்டால் செய்யாதே

எவ்வளவு முறை வைத்தாலும் ஒருநாள் குரல் அறும். மழை பொய்க்காத ஊர் உண்டா? அந்த நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதே முக்கியமான கேள்வி.

ஆங்கில நாடக மேடையில் பழைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. ‘ஸ்டாண்ட்பை’ என்று நிர்வாகி சொன்னால், கேட்டவர் பதில் சொல்ல வேண்டும். பிறகு ‘கோ’ என்ற சொல் காதில் விழுந்தால்தான் கை அசைய வேண்டும். அந்தச் சொல்லை வேறு எதற்கும் அந்தக் கருவியில் உச்சரிக்கக் கூடாது. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்வதற்குக்கூட அது ஆகாது. ஒரு சொல், ஒரு காரியம். அதற்கும் துணையாகக் கம்பியில் ஓடும் சிறு விளக்குகளைப் பல அரங்கங்கள் இன்றும் வைத்திருக்கின்றன. குரல் செத்தாலும் விளக்கு பேசும்.

தமிழில் வேலை நடக்கும் மேடைகளுக்கு இதிலே ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. தமிழில் ‘வேண்டாம்’ என்பது வாக்கியத்தின் வாலில் வருகிறது. ‘இறக்க வேண்டாம்’ என்பதில் வால் அறுந்தால் ‘இறக்க’ என்பதுதான் மிஞ்சும். ‘திறக்காதே’ என்பதில் வால் அறுந்தால் திறக்கச் சொன்னதாகவே ஆகிவிடும். உத்தரவு தலைகீழாகிவிடுகிறது! ஆகவே தடுக்கும் உத்தரவுக்கு ‘ஆதே’யும் ‘வேண்டாம்’மும் கூடவே கூடாது. ‘நில்!’ என்ற ஒற்றைச் சொல் போதும். அது முழுதாக விழும். அல்லது விழவே விழாது. விழாத இடத்தில் இரண்டாவது சட்டம் காக்கும்: கேட்காவிட்டால் செய்யாதே. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி. கயிறு இழுக்கும் இடத்துக்கு ஆகாது.

ஓர் அரங்கத்தைக் கட்டும்போது நாற்காலிக்கு எவ்வளவு, திரைக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆகாயத்தை மட்டும் இலவசம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இலவசமாக வந்த பொருளை யாரும் காவல் காப்பதில்லை. அடுத்த விழாவுக்குச் சாமான் பட்டியல் போடும்போது, முதல் வரியில் கருவியின் பெயரை எழுதுவதற்கு முன்னால் ஓர் ஆளின் பெயரை எழுதட்டும். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும், ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரமும் இருக்கட்டும்.

சபையோருக்கு அவர் பெயர் தெரியாது. கை தட்டலும் அவருக்குக் கிடைக்காது. ஆனால் நாடகம் முடிந்து விளக்கு அணைந்த பிறகு, மேலே கயிறு பிடித்தவரும் கீழே கதவு திறந்தவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்கள்.